வெறும் கற்பனையா?

கேள்வி: மணல், நட்சத்திரம், அணு என்று உலகில் எதை எடுத்தாலும் ஒரு கணக்கில் அடங்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால் முடிவிலி என்பது கணித அறிஞர்களின் வெறும் கற்பனைதானே?

பதில்: கற்பனை என்பதோடு நிறுத்தியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். கூடவே 'வெறும்' என்று ஒன்றைச் சேர்த்தீர்களே, அதை விடமாட்டேன்.

உலகில் முடிவிலி கைக்கு அகப்படாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டே 1925-இல் ஓர் உரையில் சொல்லிவிட்டார். நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களை, 1-க்குப் பின்னால் 80 பூஜ்யம் போட்ட அளவு என்று மதிப்பிடுகிறார்கள். சரி, அதுவும் முடிகிற எண்தான். ஆனால் அதே உரையில்தான் ஹில்பர்ட், முடிவிலியை ஆராய்ந்த கணித அறிஞர் கான்டர் நமக்கு உண்டாக்கித் தந்த சொர்க்கத்திலிருந்து நம்மை எவராலும் விரட்ட முடியாது என்றும் சொன்னார்.

அந்தச் சொர்க்கத்தில் ஒரு மூலையை மட்டும் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள எல்லாத் தசம எண்களையும் ஒன்றுவிடாமல் வரிசை எண் போட்டு எழுதிவிட்டேன் என்று ஒருவர் முடிவில்லாத பட்டியலை நீட்டுகிறார். முதல் எண்ணில் புள்ளிக்குப் பின்வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள். அது 5 என்றால் 6 என்று எழுதுங்கள்; வேறு எதுவானாலும் 5 என்று எழுதுங்கள். அப்புறம் இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம் என்று இப்படியே போங்கள். கிடைக்கிற புது எண், பட்டியலின் முதல் எண்ணோடு முதல் இலக்கத்தில் ஒத்துப்போகாது. ஆயிரமாவது எண்ணோடு ஆயிரமாவது இலக்கத்தில் ஒத்துப்போகாது. ஆக, அது பட்டியலில் எங்கும் இல்லை. சரி, அதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றால், புதுப் பட்டியலிலும் இதே வேலையைச் செய்யலாம். வரிசை எண்கள் எப்போதும் போதாமல் போவதால், 1, 2, 3 என்ற முடிவிலியைவிட இந்த முடிவிலி பெரியது! 1891-இல் கியார்க் கான்டர் கொடுத்த நிரூபணம் இது. இதை எப்போது எழுதினாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கதை எழுதுகிறவர் நாயகனைச் சாகடிக்கலாம், பிழைக்கவும் வைக்கலாம். கான்டருக்கு அந்த உரிமை கிடையாது. ஒரு சதுரத்தில் எத்தனை புள்ளிகளோ அத்தனையும் அதன் ஒரு பக்கக் கோட்டிலேயே இருக்கின்றன என்று நிறுவியபோது, 'பார்க்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை' என்று 1877-இல் சக கணித அறிஞர் டெடகின்டுக்கு எழுதினார். கண்டுபிடித்தவரையே மறுத்துப் பேசவிடாத ஒன்றை எப்படி ஐயா வெறும் கற்பனை என்பது?

உங்கள் கட்சியில் அன்றே பெரிய ஆள் ஒருவர் இருந்தார். பெர்லினில் செல்வாக்கோடு இருந்த கணித அறிஞர் குரோனெக்கர், கணிதம் முழுக்க முழு எண்களிலிருந்தே எழவேண்டும் என்று நின்றவர். கான்டரின் வழியைக் கடுமையாக எதிர்த்தார். கான்டர் ஆசைப்பட்ட பெர்லின் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. ஹாலே நகரிலேயே வேலை பார்த்து, 1918-இல் அங்கேயே ஒரு மனநல விடுதியில் இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

முடிவிலியை இளப்பமாகப் பேசுகிறவர்களைவிட எனக்கு இன்னும் ஆகாதவர்கள், அதை வைத்து வித்தை காட்டுகிறவர்கள். 1+2+3 என்று போய்க்கொண்டே இருந்தால் கூட்டுத்தொகை கழித்தல் பன்னிரண்டில் ஒன்று (-1/12), ராமானுஜனே சொல்லிவிட்டார் என்று வீடியோவுக்கு மேல் வீடியோ. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரமே யாராவது அனுப்பிவைக்கிறீர்கள். சாதாரணமாகக் கூட்டினால் அந்தத் தொகை எல்லையில்லாமல் வளரும், அவ்வளவுதான். 1913 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன், 'என் கோட்பாட்டின்படி' என்று தெளிவாகச் சொல்லித்தான் அந்த விடையைத் தருகிறார். இதை மட்டும் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வழிகாட்டுவீர்கள் என்றும் சேர்த்து எழுதினார். வீடியோக்காரர்கள் வெட்டி எறிவது அந்த 'என் கோட்பாட்டின்படி'யைத்தான். ராமானுஜன் பெயரைச் சொல்கிறவர்கள் முதலில் அந்தக் கடிதத்தை முழுசாகப் படியுங்கள்.