தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜப்பானியக் கொடி

கேள்வி: என் தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா போய்வந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளைப் பட்டுத் துணி கிடைத்தது. நடுவில் சிவப்பு வட்டம், சுற்றிலும் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்து. ஒருவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார், சித்தப்பாவும் விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வேலூர்

பதில்: சகோதரி, விற்காதீர்கள்.

அது படைப்பிரிவின் கொடி இல்லை. போருக்குப் புறப்பட்ட ஒரு பையனுக்கு அவன் ஊரே சேர்ந்து எழுதிக் கொடுத்தது. வீட்டார், அக்கம்பக்கத்தார், வாத்தியார், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அதில் பெயர் எழுதுவார்கள். 'யோசெகாகி ஹினோமாரு' என்பார்கள். அதை மடித்து உடம்போடு வைத்துக்கொண்டுதான் சண்டைக்குப் போனார்கள். மடித்தால் பைக்குள் அடங்கும் துணி என்பதால் எதிர்ப்பக்கச் சிப்பாய்கள் பலரும் எடுத்துவந்தார்கள். உங்கள் தாத்தாவைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வீரர் மார்வின் ஸ்ட்ரோம்போ 1944-இல் சைபான் தீவில் இப்படி ஒரு கொடியை எடுத்தார். 2017-இல், 93 வயதில், அதைத் தானே கொண்டுபோய் ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்தில் கொடுத்தார். அதில் ஏறக்குறைய 180 பேரின் பெயர்கள் இருந்தன. கொடிக்கு உரியவர் போரில் இறந்துபோனவர்; அவருடைய தம்பிக்கு அப்போது 89 வயது. கொடியைக் கையில் வாங்கியதும் அந்தத் தம்பி அதில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தார். போர் முடிந்தபின் உடலுக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு வந்த மரப்பெட்டியில் சில கற்கள்தான் இருந்தன. அண்ணனுடையது என்று கைக்கு வந்தது இந்தத் துணி ஒன்றுதான். அந்தப் போரில் வெளிநாட்டு மண்ணில் இறந்த ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேரின் எச்சங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. உங்கள் பெட்டியில் இருப்பதற்கும் எங்கோ ஒரு வீடு இருக்கலாம்.

சரி, எப்படி அனுப்புவது? அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் 'ஓபோன் சொசைட்டி' என்ற அமைப்பு இருக்கிறது. எழுத்துகளைப் படித்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டணமில்லாமல் சேர்த்துவைக்கிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெய்கோவின் தாத்தா பர்மாவில்தான் போரில் இறந்தார். அவருடைய கொடியும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது.

அதற்கு முன் துணியைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யவே கூடாது. கறை இருந்தால் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் விரித்து, மூலைகள் விடாமல் படமெடுங்கள். கொடிக்கு உரியவர் பெயர் பெரும்பாலும் ஓரத்தில், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

சித்தப்பாவை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள். அது அவருடைய அப்பா கொண்டுவந்த பொருள். அந்தத் தம்பி மோந்து பார்த்த கதையை அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், தாத்தா படையில் எந்தப் பிரிவில் (கம்பெனியில்) இருந்தார், பர்மாவில் எங்கே போனார், கொடியைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார் என்று அவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடியோடு அனுப்புங்கள். பிள்ளை எங்கே விழுந்தான் என்று தெரியாத வீட்டுக்கு அந்தத் தாளும் பெரிய விஷயம். அதில் ஒரு நகலை டிரங்குப் பெட்டியில் போட்டு வையுங்கள்.