தோப்பை அடகு வைக்காதீர்கள், பாப்பாவின் கைக்கு ஏற்ற கல்லூரியைத் தேடுங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமில் ரேங்க் நடுவாந்தரம். பாலக்காடு பக்கம் அரசு அல்லது எய்டட் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் கஷ்டம். கோயமுத்தூரில் இருக்கும் மச்சினர் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட் பேசி வைத்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்கு? கம்ப்யூட்டர் படிச்சாத்தான் மரியாதை" என்பது அவர் வாதம். வீட்டில் தினமும் இதே பேச்சு.

ஐயா, பதறாதீர்கள். சீட் ஒதுக்கும் அலாட்மெண்ட் ஒரே சுற்றில் முடிந்துவிடாது, யோசிக்க நாள் இருக்கிறது. ஆறுதலாக நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மற்றதை நேராகவே சொல்கிறேன்.

அந்த மேனேஜ்மெண்ட் சீட்டை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய கணக்கையே பார்ப்போம். ஃபீஸ் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், ஹாஸ்டல் ஒரு லட்சம், நான்கு ஆண்டுக்கு 14 லட்சம். சேரும்போது ரசீது இல்லாமல் கேட்கும் தொகை தனி. தமிழ்நாட்டில் இப்படி சீட்டுக்காகக் கூடுதலாக வாங்கும் கேபிடேஷன் ஃபீஸைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது தராத பணத்தை எந்தக் கல்லூரி கேட்டாலும் கொடுக்காதீர்கள். தென்னந்தோப்பை அடகு வைத்தால் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், மச்சினர் இல்லை. அவருக்குப் பிள்ளை மேல் பாசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாப்பாவுக்குப் பிடிக்காத படிப்புக்காகக் குடும்பத்தின் ஒரே சொத்தை வைப்பது நியாயமில்லை.

உங்கள் கடிதத்தில் குறையாக எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. படிக்க வேண்டிய நேரத்தில் பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தண்ணீர்க் குடம் தள்ளும் வண்டி செய்துகொண்டிருந்தாள் என்கிறீர்கள். பாட்டிக்குக் குனிய முடியவில்லை என்று கைப்பிடியை வெட்டி உயர்த்தினாளாம். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கம் கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்து நிற்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அதைப் பார்த்து ஒரு சாமான் செய்து, ஒருவருக்குச் சரிவரவில்லை என்றதும் திருத்தியிருக்கிறாள். அவள் நாட்டம் எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்டத்துக்கு கல்லூரியில் ஓர் இடம் இருக்கிறது. மாணவர் டிசைன் கிளப் என்பார்கள். பல பிரிவு மாணவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் நிஜமாக இருக்கும் ஒரு கஷ்டத்தை எடுத்துக்கொண்டு, அதைப் படுகிறவர்களோடு உட்கார்ந்து தீர்வு செய்வது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-லேயே இதைப் பாடமாகவே வைத்தது. 2009-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 'டிசைன் ஃபார் அமெரிக்கா' என்ற மாணவர் அமைப்பு தொடங்கியது, பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது. அதில் ஒரு குழு, முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்காக ஒரு பொம்மைக் கரடி செய்தது. கரடிக்குச் சர்க்கரை அளவு பார்த்து, சாப்பாடு கொடுத்து, இன்சுலின் போட்டுப் பழகும்போது குழந்தை தன் உடம்பையும் கவனிக்கக் கற்றுக்கொள்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் சித்தூர்ப் புழை கலக்கும் பாரதப்புழையோரம் குற்றிப்புறத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். அந்தக் கல்லூரியில் ஒன்றாகப் படித்து ரோபோ செய்து பழகிய நண்பர்கள்தான் பிறகு ஜென்ரோபோட்டிக்ஸ் என்று நிறுவனம் தொடங்கி, மனிதனுக்குப் பதில் குழிக்குள் இறங்கும் 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு இறங்கியது. குழியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான்.

ஒரு நல்ல கிளப் எப்படி வேலை செய்யும்? உங்கள் ஊர் தண்ணீர்க் கஷ்டத்தையே எடுப்போம். முதல் மாதம் எதையும் செய்ய விடமாட்டார்கள். டேங்கர் வரும் இடத்தில் போய் நிற்க வேண்டும். யார் வருகிறார்கள், யாரால் வர முடியவில்லை, எங்கே சிந்துகிறது, எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று குறிக்க வேண்டும். தூக்குவது பெரிய கஷ்டமே இல்லை, லாரி எப்போது வரும் என்று தெரியாமல் கூலி வேலைக்குப் போகாமல் நிற்பதுதான் கஷ்டம் என்றுகூடத் தெரியவரலாம். அப்போது வண்டியை விட ஒரு போன் மெசேஜ் பெரிய தீர்வு. அப்புறம்தான் அட்டை, பிவிசி பைப், பழைய இரும்பு கொண்டு மாதிரி செய்வது. பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பார்ப்பது. உடைந்தால் திரும்பச் செய்வது. கடைசியில் ஒரு கேள்வி வரும்: இது பழுதானால் கொழிஞ்சாம்பாறை வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய முடியுமா? முடியாதென்றால் வேலை முடியவில்லை.

தமிழ் மீடியம் என்று தயங்குகிறீர்கள். இந்த வேலையில் அவள்தான் குழுவுக்குப் பலம். எல்லைக் கிராமங்களில் தமிழில் கேட்டு, கல்லூரியில் மலையாளத்தில் விளக்கக்கூடிய பிள்ளை எத்தனை குழுவில் இருக்கும்? இங்கிலீஷ் இரண்டு வருடத்தில் வந்துவிடும்.

கல்லூரியைப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாலை நாலு மணிக்கு மேல் ஒர்க்‌ஷாப் திறந்திருக்குமா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். உடைந்த மாதிரிகளைக் காட்டச் சொல்லுங்கள். போன வருடம் செய்த சாமான் இப்போது யார் வீட்டில் பயன்படுகிறது என்று கேளுங்கள். கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஐ.இ.டி.சி. என்ற புதுமை, தொழில்முனைவுப் பிரிவு பல கல்லூரிகளில் உண்டு, உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்திருக்கும். ஆனால் போர்டு மாட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு நாள் போட்டி, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ என்று முடிகிற கிளப் நம் பிள்ளைக்கு வேண்டாம். சேர ஆயிரக்கணக்கில் பணம் கேட்டாலும் வேண்டாம்.

கிளப்பில் இருந்தாலே வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அரியர் வைக்கக் கூடாது, மார்க்கும் வேண்டும். ஆனால் நேர்முகத் தேர்வில் 'நீ என்ன செய்தாய்' என்று கேட்டால், அரை மணி நேரம் சொல்ல அவளிடம் விஷயம் இருக்கும். தயாரிப்பு வடிவமைப்பு, மருத்துவக் கருவி, மாற்றுத்திறனாளிகளுக்கான சாதனம் என்று போக வழியும் இருக்கும். சென்னை ஐஐடியில் நின்றபடி இருக்க உதவும் சக்கர நாற்காலி செய்த பிரிவு இருக்கிறது, மேற்படிப்புக்கு அந்த மாதிரி இடங்களை இப்போதே மனதில் வையுங்கள்.

பணத்துக்கு: தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி உதவித்தொகை பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே அட்சயா சேவை மையம் வழியாக விண்ணப்பித்துவிடுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு முதலில் என்ற ஆப்ஷன் வரிசையை மச்சினர் போட வேண்டாம், நீங்களும் போட வேண்டாம். பாப்பா போடட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் சரிபாருங்கள்.