மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா?

அம்மாவுக்கு 51 வயது, ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து ஜாக்கெட் நனைகிறது, ஹார்மோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வருமா என்று குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வேலூர் வெயில் என்று தள்ளிவிடாதீர்கள். மார்கழியிலும் ஃபேன் போடச் சொன்னால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதுதான் காரணம். ஹார்மோன் மாத்திரை பற்றிய பயத்தைக் கிளப்பியது 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு; அதிலிருந்தவர்களின் சராசரி வயதே 63. அறுபதுக்குள், மாதவிடாய் நின்ற 10 வருஷத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டாயம் வேண்டும். இந்தக் கூட்டு மருந்தை வருஷக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடும். ஏற்கெனவே அந்த நோய் வந்தவர்களுக்கு இது வேண்டாம். தயவுசெய்து மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள், மகப்பேறு டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள்.