கல்லாப்பெட்டி: கூட்டம் எத்தனை மணிக்கு?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தண்டையார்பேட்டைப் பெண்மணி.)

காசிமேட்டில் மீன் வாங்கிக் கருவாடு போடுகிறேன். அதில் தொக்கு செய்து பாட்டிலில் விற்கிறேன். "ஸ்டார்ட்அப் கூட்டம் நடக்கிறது, போய் நாலு பேரைப் பாருங்கள்" என்று என் மகன் நச்சரிக்கிறான். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு ஹோட்டல், மாலை ஏழு மணி, பேச்செல்லாம் ஆங்கிலம். உலகம் முழுக்க இப்படிக் கூடுகிறார்களாமே? எனக்கு அங்கே என்ன வேலை அம்மா?
*— வாசகி, காசிமேடு*

உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள்தான் உங்களை நினைத்துக் கூட்டவில்லை.

உலகம் முழுக்கக் கூடுவது உண்மைதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில் 2007இல் 'ஸ்டார்ட்அப் வீக்எண்ட்' தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை முன்பின் தெரியாதவர்கள் கூடுவார்கள். ஞாயிறு இரவுக்குள், 54 மணி நேரத்தில், ஒரு யோசனையைத் தொழிலாகக் காட்ட வேண்டும். அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஊர் ஊராக நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் காசிமேட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த 54 மணி நேரத்துக்கு நீங்கள் எங்கே போவீர்கள்?

அதே போல்டரைச் சேர்ந்த பிராட் ஃபெல்ட் என்ற முதலீட்டாளர் புதுத் தொழில் தொடங்குபவர்களின் சமூகங்களுக்கு 2012இல் நான்கு விதிகள் சொன்னார். தொழில் செய்பவர்களே தலைமை ஏற்க வேண்டும். இருபது ஆண்டு நோக்கு வேண்டும். வர விரும்பும் எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சிகள் இடைவிடாமல் நடக்க வேண்டும். மற்ற மூன்று விதிகளிலும் எனக்குத் தகராறு இல்லை. 'வர விரும்பும் எவரும்' என்பதில்தான் இடிக்கிறது. கதவைத் திறந்து வைத்தவரேதான் அந்தக் கதவு எந்தச் சாலையில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், உள்ளே என்ன மொழி பேச வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறார். பிறகு "பெண்கள் வருவதில்லை, வடசென்னையிலிருந்து யாரும் வருவதில்லை" என்று வருத்தப்படுகிறார்.

நேரத்தை மாற்றினால் ஆளும் மாறுகிறது. கான்சாஸ் சிட்டியில் காஃப்மன் அறக்கட்டளை 2012இல் தொடங்கிய 'ஒன் மில்லியன் கப்ஸ்' கூட்டம் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஒருவர் ஆறு நிமிடம் தம் தொழிலைச் சொல்ல வேண்டும். பிறகு இருபது நிமிடம் கேள்விகள். எல்லா ஊரிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" இந்தக் கடைசிக் கேள்விக்காகவே அந்தக் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வெளிநாடு வரை போவானேன்? இதே சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பூக்காரி, இட்லிக்காரி, காய்கறிக் கூடைக்காரி ஆகியோரை அந்தந்தத் தெருவிலேயே குழுவாகச் சேர்த்து, அந்தத் தெருப் பெண் ஒருத்தியையே தலைவியாக்கி, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்த அமைப்பு அது. ஸ்டார்ட்அப் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த ஹோட்டலுக்கு ஒரு தடவை மகனோடு போய் வாருங்கள். பேச வராவிட்டால் பரவாயில்லை, பாட்டிலைத் திறந்து ருசி பார்க்கக் கொடுங்கள். போவதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்தப் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் லேபிளில் இல்லாத தொக்கை எந்தக் கடைக்காரரும் அலமாரியில் வைக்க மாட்டார். திரும்பி வந்ததும் உங்கள் பகுதியிலேயே ஒரு கூட்டத்தைத் தொடங்குங்கள். ஏலம் முடிந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்து, குளித்துவிட்டு உட்காரும் நேரம் காலை பதினொன்று என்றால், கூட்டமும் பதினொன்றுக்குத்தான். மாலை ஏழு மணிக்காரர்கள் வேண்டுமானால் விடுப்பு போட்டுவிட்டு வரட்டும்.

ஸ்டார்ட்அப் கூட்டங்களுக்குக் கோட் போட்டுக்கொண்டுதான் போக வேண்டுமா?
*— வாசகர், பெரம்பூர்*

இந்த வெயிலிலா? அங்கே பணம் வைத்திருப்பவர்கள் டி-ஷர்ட்டில்தான் வருவார்கள்.

நாங்கள் பொறியியல் முடித்த நண்பர்கள். வடசென்னைக்கென்று ஒரு தொழில்முனைவோர் வட்டம் தொடங்க ஆசை. வாட்ஸ்அப் குழு இருக்கிறது, லோகோ தயார். தொடக்க விழாவுக்கு யாரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம்?
*— வாசகர், எம்.கே.பி. நகர்*

யாரையும் அழைக்காதீர்கள் தம்பி. விழாவே வேண்டாம். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசும் பிரமுகர் ஆகியவற்றை ஒழித்தாலே பாதி வெற்றி.

உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மேடைக்கு வந்தது பிறகுதான். அதற்கு முன்பே செல்வபதி செட்டியார் போன்ற உள்ளூர்க்காரர்கள் மில் தொழிலாளிகளின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார்கள். ஆள் வரும் இடத்தில் கூட்டம் போடுவது நம் பகுதிக்குப் புதிதல்ல.

இடம் பார்க்கும்போது முதலில் கழிப்பறையைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். தாழ்ப்பாள் போடும்படியான, தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாத மாடி அறைக்குப் பெண்கள் ஒரு தடவை வருவார்கள், மறு தடவை வர மாட்டார்கள். காரணத்தையும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போல, குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பொது இடங்கள் இப்போது நம் பக்கமும் வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை விசாரியுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் வரக் கூடாது என்றுதான் அர்த்தம் கொள்வார்கள்.

கூட்டம் தமிழில் நடக்கட்டும். 'வேல்யூஷன்' என்று யாராவது சொன்னால், அது என்ன என்று விளக்கிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவிட்டால் மழையானாலும் மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். இரண்டு தடவை தள்ளிவைத்த கூட்டத்தை ஜனங்கள் செத்த கணக்கில் எழுதிவிடுவார்கள்.

நான் போய்வரும் வியாசர்பாடிக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நைட்டி தைத்து எம்.சி. ரோடு கடைகளுக்குப் போடும் ஒரு பெண், தன் சரக்கை மேசையில் விரித்தாள். பூப்போட்ட பருத்தி, கழுத்தில் குழாய்த் தையல், நேர்த்தியான வேலை. முதலீட்டு ஆலோசகர் ஒருவர் 'பிராண்டிங்' பற்றிப் பேசிக்கொண்டே போனார். பின்வரிசையில் இருந்த மீன்கார அம்மாள் எழுந்து வந்து, துணியைப் பிடித்துப் பார்த்து, "வலப்பக்கம் ஆழமாக ஒரு பை வை, போனும் சில்லறையும் விழாமல் நிற்க வேண்டும், பத்து ரூபாய் கூட வைத்துச் சொல்" என்றார். அந்தப் பெண் இப்போது பை இல்லாத நைட்டியே தைப்பதில்லை. அந்த அம்மாளுக்குக் கூட்டத்தில் நாற்காலி போடுவதுதான் உங்கள் வேலை.

லோகோவை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எனக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. புதிதாக ஒரு கருவி வடிவமைத்திருக்கிறேன். 'ஸ்டார்ட்அப் அங்கீகாரம் உங்களுக்குக் கிடையாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?
*— வாசகர், திருவொற்றியூர்*

நீங்கள் தனி உரிமையாளராகத் தொழில் செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 2016இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தில் தனி உரிமைத் தொழில்களுக்கு அங்கீகாரம் இல்லை. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்ற வடிவம் வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மூளை இல்லாததால் அல்ல, காகிதம் இல்லாததால். ஒரே ஆள் தொடங்கும் ஒருநபர் நிறுவனமும் செல்லும் என்பதால், நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். அந்த அங்கீகாரம் கிடைத்தால் தமிழக அரசின் டான்சீட் தொடக்க நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் 10 லட்சம் ரூபாய். பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம்.

நிறுவனமானால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், தணிக்கை என்று செலவு வரும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். கருவியை விற்றாலே போதும், முதலீடு தேவையில்லை என்றால் இப்போது இருப்பது போலவே இருங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

பட்டியலினத்தவருக்கான திட்டத்தில் கடன் வாங்கினால், கூட்டங்களில் மற்றவர்கள் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.
*— வாசகர், புளியந்தோப்பு*

மாமனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, பெரியப்பா கட்டடத்தில் வாடகையில்லாமல் கடை வைத்து, சித்தப்பா மூலம் முதல் ஆர்டர் பிடித்தவர்கள் எவரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. கடன் பிரிவு மேசையில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களை எல்லாம் பார்த்தவள் நான். அவர்களுக்கு உறவு கொடுத்ததை உங்களுக்கு அரசு கொடுக்கிறது, அதுவும் பாதி அளவில்.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். சென்னைக்கான அலுவலகமும் நம் பக்கம் இல்லை, தெற்கே கிண்டியில்தான்; அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. பட்டியலினத் தொழில்முனைவோருக்கென்றே 2005இல் தொடங்கிய தலித் இந்தியத் தொழில் வர்த்தக சபையும் இருக்கிறது.

இப்படி ஒரு பிரிவினருக்கென்று தனித் திட்டம் வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. சிலி நாட்டு அரசு 2010இல் நிறுவனத்தில் பங்கு கேட்காமல் பணம் கொடுத்து உலகெங்கிலுமிருந்து தொழில்முனைவோரை வரவழைத்தது. வந்தவர்களில் பெண்கள் குறைவு என்று கண்டதும், 2015இல் பெண்கள் தலைமை ஏற்கும் யோசனைகளுக்கென்று தனிப் பிரிவே தொடங்கியது. பொது வாசலில் இடிபட்டு வெளியே நிற்பவர் யார் என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அவ்வளவுதான் விஷயம். நீங்கள் நாளைக்கே விண்ணப்பம் வாங்குங்கள்.

எங்கள் தெருப் பெண்கள் சீட்டுப் போட்டுத்தான் தொழிலுக்குப் பணம் புரட்டுகிறோம். முதலீட்டாளர்களைத் தேடி அலைவதைவிட இது மேல் அல்லவா?
*— வாசகி, ராயபுரம்*

தென்னாப்பிரிக்காவில் இதையே ஸ்டாக்வெல் என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளில் டொன்டீன். உலகத்து ஏழைப் பெண்கள் யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

இதில் இருக்கும் பலம், யார் திருப்பிக் கட்டுவாள் என்று உங்களுக்குள் தெரியும் என்பதுதான். அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய வில்லேஜ் கேப்பிட்டல் அமைப்பு இந்த அறிவை முதலீட்டுக்குக் கொண்டுபோனது. பயிற்சிக்கு வந்த தொழில்முனைவோர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். மேலே வருபவர்களுக்குப் பணம். கோட் சூட் போட்ட முதலீட்டாளர் நடுவராக உட்காருவதில்லை. அவர்கள் செய்ததை உங்கள் தெருவிலும் செய்யலாம்.

ஆனால் எச்சரிக்கை. சீட்டு ஏலத்தில் போட்டி போட்டு, தொகையில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்து எடுத்தால், தள்ளிய தொகைதான் உங்கள் வட்டி. தையல் மெஷினுக்கு அப்படி எடுக்காதீர்கள். மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். முன்பின் தெரியாதவர் நடத்தும் பெரிய சீட்டு என்றால் பதிவு எண் கேளுங்கள். முகம் கோணினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உத்யம் பதிவு செய்து தருவதாக ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். முன்பணமாக 1,000 கொடுத்துவிட்டேன். நியாயமான கட்டணமா?
*— வாசகி, கொருக்குப்பேட்டை*

சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுதான் உத்யம்; அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் கையில் இருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனிலேயே செய்துவிடுவான். இணைய முகவரி gov.in என்பதற்குப் பதில் வேறு எதிலாவது முடிந்தால் அது போலி. பான் எண் இல்லாத மிகச் சிறு வியாபாரிகளுக்கு, வங்கிகள் மூலம் பதிவு செய்ய 2023 முதல் உத்யம் அசிஸ்ட் என்று தனி வழி இருக்கிறது.

அந்த 1,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்கள் சீட்டுக்காரப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.