கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பெயர்களுக்கு எந்தச் சுருள் எழுத்து ஃபாண்ட் நல்லது?

தம்பி கல்யாணத்துக்கு ஆங்கிலக் கார்டு முழுவதையும் எட்வர்டியன் ஸ்கிரிப்ட்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மணமக்கள் பெயர் இரண்டையும் மட்டும் அதில் போடுங்கள்.

கிருஷ்ணகிரியில் பத்திரிகை டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகை, ஓசூர், பெங்களூரு ஆபீஸ் நண்பர்களுக்குத் தனியாக நூறு இங்கிலீஷ் கார்டு என்பது இங்கே இப்போது வழக்கமாகிவிட்டது. சுருள் எழுத்து கேட்டு வருபவர்கள் எல்லாம் அந்த நூறுக்காகத்தான் வருகிறார்கள்.

எட்வர்டியன் ஸ்கிரிப்ட் அழகுதான். எட் பென்கியாட் என்ற எழுத்து வடிவமைப்பாளர் 1994-இல் வெளியிட்டது. நிப்பை அழுத்தினால் தடித்து, தூக்கினால் மயிரிழையாக மெலியும் எழுத்தைப் பார்த்து வரைந்தது. மேக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டும் இதற்கு உறவுதான். சுமார் 300 வருடத்துக்கு முந்தைய லண்டன் எழுத்தாசிரியர் சார்லஸ் ஸ்னெல்லின் பாணியை வைத்து மேத்யூ கார்ட்டர் செய்தது. முதலில் ஒரு பெரிய எழுத்து, பின்னால் கொடிபோல் கோத்து வரும் சின்ன எழுத்துகள் என்பதுதான் இவற்றின் கணக்கு. நம் ஆட்களுக்கோ பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னால் பி.இ., எம்.பி.ஏ. பெரிய எழுத்துகள் வரிசையாக நின்றால் ஒன்றின் சுருள் இன்னொன்றில் மாட்டி, வேலிமுள்ளில் சிக்கிய பட்டம் மாதிரி ஆகிவிடும். இனிஷியலையும் படிப்பையும் சாதாரண நேர் எழுத்தில் சின்னதாகப் போடுங்கள்.

இன்னொன்று நானே கைக்காசு போட்டுக் கற்றது. மணமகள் பெயர் ஃபாத்திமா என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை எழுத்தில் எஃப்புக்கும் (F) டிக்கும் (T) வித்தியாசமே நடுவில் வரும் ஒரு குறுக்குக் கோடுதான். சொரசொரப்பான அட்டை, தங்க நிற மை, ஸ்கிரீன் பிரிண்டிங். அந்த மெல்லிய கோடு மட்டும் விழவில்லை. மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொன்னது நான்தான். 'டாத்திமா' என்று 150 கார்டு! மறுநாளே என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அதனால் அட்டை வழவழப்பாக இருக்கட்டும், பெயர் 24 பாயிண்ட்டுக்குக் குறைய வேண்டாம். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூட்டாதீர்கள், கோத்த எழுத்து அறுந்துவிடும். அப்புறம், இதற்கு ஜோடியாக இருக்கட்டும் என்று தமிழ் ஃபாண்டைச் சாய்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஃபாண்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றால் கூகுள் ஃபாண்ட்ஸில் கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட் இரண்டும் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். பின்யான் கொஞ்சம் கறாரான பழைய தோரணை. ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள், அங்கே அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் மாறாது.

தம்பி, மணப்பெண் பெயர்கள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன? ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரித் தெரியும் ஐ, ஜே (I, J), டி, எஃப் (T, F) இருந்தால் வாட்ஸப்பில் ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அதே அட்டையில் ஒன்று அடித்துத் தரச் சொல்லி வாங்கிப் பாருங்கள்.