ஆல்டேரும் டெலிடைப்பும்

கேள்வி: ஆல்டேர் மாதிரி ஆரம்பகால மைக்ரோகம்ப்யூட்டர்களில் திரை, கீபோர்டு எதுவும் கிடையாதாமே, அப்புறம் பிராசஸர் டெர்மினலோடு எப்படிப் பேசியது?

பதில்: 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இன் முகப்பில் வெறும் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும்தான். கையில் காசு இருந்தவர்கள் கீபோர்டும் காகிதத்தில் அச்சடிக்கும் பகுதியும் சேர்ந்த ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்பை டெர்மினலாக இணைத்துக்கொண்டார்கள். அது தடதடவென்று வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும், அதற்கு மேல் முடியாது. 8080 பிராசஸருக்கோ வினாடிக்கு 20 லட்சம் கடிகாரத் துடிப்பு, அதாவது ஓர் எழுத்து விழுவதற்குள் 2 லட்சம் துடிப்பு ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சீரியல் கார்டு. பிராசஸர் ஓர் எழுத்தின் 8 பிட்டையும் மொத்தமாக அதனிடம் கொடுத்துவிடும், கார்டில் உள்ள சிப் முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் இரண்டு ஸ்டாப் பிட் சேர்த்து 11 பிட்டாக்கி ஒவ்வொன்றாகக் கம்பியில் அனுப்பும். 110 பாட், அதாவது வினாடிக்கு 110 பிட் என்ற கணக்கு இப்படி வந்ததுதான். கம்பியில் 20 மில்லியாம்பியர் மின்னோட்டம் ஓடினால் 1, நின்றால் 0.

சரி, அடுத்த எழுத்தை எப்போது தருவது? ஆல்டேரின் 2எஸ்ஐஓ என்ற சீரியல் கார்டு என்றால், அதன் நிலையைத் தெரிந்துகொள்ள பிராசஸர் வழக்கமாக 16-ஆம் போர்ட்டை, அதாவது கார்டோடு பேசும் எண்ணிட்ட வாசலை, படிக்க வேண்டும். கடைசி பிட் 1 என்றால் கீபோர்டிலிருந்து எழுத்து வந்திருக்கிறது, அதற்கு முந்தையது 1 என்றால் அனுப்பலாம். எழுத்து போவதும் வருவதும் 17-இல். கார்டே பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் வசதி இருந்தும் பெரும்பாலான புரோகிராம்கள் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே சுற்றின. ஒரே ஆள் தட்டும் மெஷினில் பிராசஸருக்கு வேறென்ன வேலை?

இன்னொன்று, இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய முழு டூப்ளெக்ஸ் இணைப்பில் நீங்கள் தட்டும் எழுத்து நேராகக் காகிதத்தில் விழாது, கம்ப்யூட்டர் வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் விழும்.