கவசம் இருந்தாலும் முதலில் சேமிப்பு

கேள்வி: வயது 28, மணமாகவில்லை. செமினோமா வகைப் புற்றுநோய் என்று என் இடது விதையை எடுத்துவிட்டார்கள். அடுத்து வயிற்றின் பின்பக்க நிணநீர்க் கணுக்களுக்குக் கதிர்வீச்சு. மற்ற விதைக்கு ஈயக் கவசம் வைப்பார்களாம். பிற்காலத்தில் குழந்தை பிறக்க அது போதாதா?

பதில்: கவசம் அவசியம், தம்பி. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாள் கதிர்வீச்சுக்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமித்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். கதிரை யாரும் விதையை நோக்கிச் செலுத்துவதில்லை. வயிற்றில் படும் கதிரில் ஒரு பகுதி சிதறுகிறது. வெளியே இருந்து வரும் சிதறலைக் கிண்ணம் போன்ற ஈயக் கவசம் நன்றாகத் தடுக்கும். உடலுக்குள்ளேயே சிதறி இறங்குவதை அதனால் தடுக்க முடியாது. விந்தணுவை உண்டாக்கும் செல்களோ மிக மென்மையானவை. 0.1 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவிலேயே விந்தணு எண்ணிக்கை குறையத் தொடங்கும். 0.5 கிரே பட்டால் சில காலம் விந்தணுவே இல்லாமல் போகலாம். 2 கிரேயைத் தாண்டினால் மீள வருடக்கணக்காகும், சிலருக்கு மீளாமலும் போகும். வயிற்றுக்குத் தருவது பெரும்பாலும் 20 கிரே அல்லது அதற்கு மேல் என்பதால், அதில் சிறு பங்கு சிதறினாலும் கவனிக்க வேண்டியதே.

அதனால் உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இடுப்புப் பகுதிக் கணுக்களுக்கும் கதிர் உண்டா, மேல்வயிற்றோடு நிற்குமா? கீழே வர வர விதைக்குப் போகும் அளவு கூடும். முதல் நாளில் விதைப்பை மேல் கதிரை அளக்கும் அளவுமானி வைத்துப் பார்ப்பார்களா? இன்னொன்றும் கேளுங்கள். நோய் விதையைத் தாண்டாத முதல் கட்டத்தில் இருந்தால், கதிர் இல்லாமல் ஸ்கேன், ரத்தப் பரிசோதனையோடு கண்காணிப்பதே இப்போது பலருக்கும் முதல் தேர்வு. உங்களுக்கு அது பொருந்துமா?

சேமிப்பது எளிது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுப்பீர்கள். அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள், பல வருடம் கழித்தும் பயன்படும். "எண்ணிக்கை குறைவு" என்று ரிப்போர்ட் வந்தால் மனம் தளராதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே அப்படி இருப்பதுண்டு. ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறை 1992 முதல் இருக்கிறது. எனவே கொஞ்சம் கிடைத்தாலும் சேமிக்கத் தகுந்ததுதான். மணமாகவில்லையே என்று வீட்டில் யாராவது தயங்கினாலும் நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

ஆண்மை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் கதிரை நன்றாகத் தாங்கும், சிதறி வரும் அளவு அவற்றை அசைக்காது.

அப்புறம், சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது கருத்தடை அவசியம், விந்தணு குறைந்திருந்தாலும்தான். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். முதல் ரிப்போர்ட் மோசமாக வந்தால் சில மாதம் விட்டு மறுபடி பாருங்கள். மெல்ல மெல்ல மீண்டு பலர் இயல்பாகவே தந்தையாகியிருக்கிறார்கள்.